மதுரையில் ஏழு வேளை: மூன்றில் ஏமாந்தோம், மூன்றில் தப்பித்தோம், ஒன்று பாதி

மதுரைக்குப் போய்ச் சாப்பாட்டில் ஏமாற வேண்டுமென்றால் அதற்கென்று தனித் திறமை வேண்டும் என்பான் என் மச்சினன். எங்களுக்கு அந்தத் திறமை இருந்தது. போன டிசம்பர் அரையாண்டு லீவில் கோவையிலிருந்து காரில் கிளம்பி, வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் அங்கே இருந்தோம். வெள்ளி மதியத்தில் ஆரம்பித்து ஞாயிறு மதியம் வரை எண்ணினால் ஏழு வேளைச் சாப்பாடு. முதல் மூன்றும் சொல்லி வைத்ததுபோல் சொதப்பின, அடுத்த மூன்றும் இன்றைக்கு நினைத்தாலும் நாக்கில் நிற்கின்றன, கடைசி வேளை பாதி. ஊர் அதே ஊர், ஆட்கள் அதே ஆட்கள், சொல்லப்போனால் நன்றாகச் சாப்பிட்ட வேளைகளுக்குச் செலவு குறைவு. அப்படியானால் நடுவில் என்ன மாறியது என்று ஊர் திரும்பியதும் பில்களை மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு நானும் மச்சினனும் ஒரு மணி நேரம் வாக்குவாதம் செய்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆட்களும் நிலவரமும்

ஐந்து பேர். நான், மனைவி, ஒன்பது வயது மகள், எழுபதை நெருங்கும் அம்மா, மனைவியின் தம்பி. அம்மா சுத்த சைவம், கேக்கைக்கூட முட்டை வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்துவிட்டுத்தான் தொடுவார், போதாததற்கு முட்டிவலி. மச்சினனோ கறி இல்லாத வேளையைக் கணக்கிலேயே எடுக்க மாட்டான். மகளுக்குக் காரம் ஆகாது. இந்த ஐந்து பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி ஒரு ஹோட்டல் வேண்டும் என்று தேடினோம். அந்தத் தேடலே கோணல் என்பது அப்போது உறைக்கவில்லை. சைவம், அசைவம், தந்தூரி, நூடுல்ஸ் எல்லாம் ஒரே அடுப்படியில் கிடைக்கும் என்று போர்டு வைக்கிற கடை யாருக்காக நடக்கிறது? எங்களை மாதிரி ஆட்களுக்காகத்தான்.

சீசனையும் சொல்லிவிட வேண்டும். டிசம்பரில் மதுரைக்கு வருவது விடுமுறைக் குடும்பங்கள் மட்டுமில்லை. சபரிமலைக்குப் போகிற, திரும்புகிற ஐயப்ப பக்தர்கள் வேன் வேனாக வந்து மீனாட்சியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். மாலை போட்டவர்கள் எல்லோரும் சைவம், எல்லோரும் கூட்டமாக வருவார்கள், எல்லோருக்கும் அவசரம். கோயிலைச் சுற்றியுள்ள சைவ ஹோட்டல்களுக்கு வருடத்திலேயே அதிக இடி விழுகிற மாதம் அது. நாங்கள் போய் நின்றது அந்த இடிக்கு நடுவில்.

வெள்ளி மதியம்

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக 2018-லிருந்து தடை. போனைக் கோபுர வாசல் கவுண்டரில் கொடுத்துவிட்டு டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போனோம். நண்பகலை ஒட்டி நடை சாத்தினால் மறுபடி மாலையில்தான் திறப்பார்கள் என்பதால் கூட்டம் மொத்தமும் ஒரே சமயத்தில் வெளியே கொட்டுகிறது. நாங்கள் அந்தக் கூட்டத்தோடு தள்ளுப்பட்டு வேறொரு கோபுரம் வழியாக வெளியே வந்துவிட்டோம். போன் ஒரு வாசலில், நாங்கள் ஒரு வாசலில். சித்திரை வீதிகளில் வண்டி விடமாட்டார்கள், கார் எங்கோ நிற்கிறது. அம்மா ஒரு கடைப்படியில் உட்கார்ந்துவிட்டார். மகள் பசி என்று அழ ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட மெனு கார்டோடு ஒரு பையன் எதிரே வந்தான். "வாங்கண்ணே, ஏசி ஹால் இருக்கு, உடனே இடம், வெஜ் நான்வெஜ் எல்லாம் இருக்கு." உடனே இடம் என்பது காதில் தேன் மாதிரி விழுந்தது. அந்த மதியத்தில், அவ்வளவு கூட்டத்தில், உடனே இடம் கிடைக்கிற ஹோட்டல் ஏன் அப்படிக் காலியாக இருக்கிறது என்று யோசிக்கிற நிலையில் யாரும் இல்லை.

உட்காரும் முன்பே தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி வைத்துவிட்டார்கள், அதாவது வேண்டாம் என்று சொல்ல முடியாது. இலை வந்தது. சாம்பாரும் வத்தக்குழம்பும் ஒரே நிறம், கிண்ணத்தை மாற்றி வைத்திருந்தால் கண்டுபிடித்திருக்க மாட்டேன். சோறு மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருந்தது, காலையிலேயே வடித்து மூடி வைத்தது. அப்பளம் நமுத்துப் போயிருந்தது. எனக்கு அந்த அப்பளம்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, ஏனென்றால் அப்பளம் பொரிப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அதைக்கூட முன்கூட்டியே பொரித்துக் குவித்து வைத்திருக்கிற அடுப்படியில் வேறெதை நம்புவது? பாயசம் கேட்டபோது பரிமாறியவர் பக்கத்து மேஜையைப் பார்த்துக்கொண்டே "தீர்ந்துருச்சு சார்" என்றார். எங்கள் மகள் கை கழுவ எழுந்ததும் அவள் இலையை மடித்து எடுத்து, அடுத்த ஆளுக்கு இலை போட்டுவிட்டார்.

சாப்பாடு 220 வீதம் ஐந்து, தண்ணீர் 40 வீதம் இரண்டு, 5 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 1,239 ரூபாய். பில்லில் ஒரு குறையும் சொல்ல முடியாது. 2022 ஜனவரி முதல் பில்லில் அச்சடிக்க வேண்டிய 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்கூட இருந்தது. எல்லாம் சட்டப்படி. சாப்பாட்டில்தான் ஒன்றுமே இல்லை.

அந்தக் கடைக்காரரைத் திட்டி எழுதுவது சுலபம். ஆனால் அவர் இடத்திலிருந்து யோசித்துப் பார்த்தேன். நடை சாத்தியதும் அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கணக்கான பேர் வாசலுக்கு வருகிறார்கள். சுடச்சுட வடித்துப் போடுவதற்கெல்லாம் அங்கே நேரம் கிடையாது, காலையிலேயே ஆக்கி வைத்தால்தான் இலை திரும்பும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அடுத்த வாரம் வரப்போவதில்லை, அடுத்த வருடம்கூட வருவது சந்தேகம். நமுத்த அப்பளத்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நாளைக்கும் மத்தியானம் நடை சாத்துவார்கள், நாளைக்கும் அதே கூட்டம் வரும்.

வெள்ளி இரவு, அப்புறம் அந்த இலவச டிபன்

மதியம் சைவத்தில் ஏமாந்ததால் ராத்திரி அசைவம் என்று மச்சினன் தீர்மானித்துவிட்டான். ஒரு பிரபலமான மெஸ்ஸின் பெயரைச் சொல்லி ஆட்டோ பிடித்தோம். மணி ஒன்பதரை. ஆட்டோக்காரர், "அங்க இந்நேரம் ஒன்னும் இருக்காதுண்ணே, அதே ஆளுகளோட இன்னொரு கடை இருக்கு, நான் விடுறேன்" என்றார். முதல் பாதி உண்மை என்று பிறகு புரிந்துகொண்டோம், இரண்டாம் பாதிதான் வில்லங்கம். அவர் இறக்கிவிட்ட கடையின் பெயரில் பிரபலமான பெயர் பாதியும், அதற்கு முன்னால் 'ஒரிஜினல்' என்ற சொல்லும் இருந்தன. ஆட்டோக்காரரும் எங்களோடு உள்ளே வந்து கல்லாவில் தலையைக் காட்டிவிட்டுப் போனார். எதற்குக் காட்டினார் என்று உங்களுக்கே தெரியும்.

மட்டன் சுக்கா ரப்பர் மாதிரி இருந்தது, மத்தியானத்துச் சுக்காவை மறுபடி மறுபடி சூடு பண்ணியதால் வந்த ரப்பர். அம்மாவுக்குத் தயிர்சாதம் கேட்டோம், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே வைத்தார்கள். அம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு வைத்துவிட்டார். எங்கள் அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

மறுநாள் காலை லாட்ஜில் இலவச டிபன். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. மூடி போட்ட எவர்சில்வர் தட்டில் வேர்த்துப்போன பொங்கல்.

பூக்கார அக்கா

சனிக்கிழமை பத்து மணி வாக்கில் அம்மா பூ வாங்க வேண்டும் என்றார். மதுரைக்கு வந்துவிட்டு மல்லி வைக்காமல் போவதா என்று மனைவியும் சேர்ந்துகொண்டாள். டிசம்பர் குளிரில் மல்லி வரத்து குறைந்து விலை எகிறிக் கிடக்கிற நேரம். சித்திரை வீதி முனையில் கூடை வைத்திருந்த ஓர் அக்காவிடம் அம்மா பேரம் பேசி, தோற்று, சொன்ன விலைக்கே மூன்று முழம் வாங்கினார். அப்புறம் எங்கள் ஊர்ப் பாணியில் கேட்டார்: "ஏங்கண்ணு, காலைல நீ எங்க சாப்புட்ட?"

நாங்கள் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது வேறு கேள்வி. 'இங்கே நல்ல ஹோட்டல் எது?' லாட்ஜ் மேனேஜரிடம் கேட்டோம், பார்க்கிங் பையனிடம் கேட்டோம், ஆட்டோவில் கேட்டோம். அந்தக் கேள்விக்கு எல்லோரிடமும் ஒரு தயார் பதில் இருக்கிறது, வெளியூர்க்காரனுக்கென்று எடுத்து வைத்திருக்கும் பதில். ஏசி இருக்கும், பார்க்கிங் இருக்கும், சொன்னவருக்கு ஏதாவது இருக்கும். நீ எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டால் அந்தப் பதிலை எடுத்து நீட்ட வழியில்லை. சாப்பிட்ட இடத்தைத்தான் சொல்லியாக வேண்டும்.

அக்கா சொன்னதை எங்களால் முடிந்தவரை அப்படியே நினைவில் வைத்திருக்கிறோம். "இந்நேரத்துக்கு இங்க எதுக்கும்மா சாப்புடுறீக? வெள்ளன வந்திருந்தா மேல மாசி வீதிப் பக்கம் இட்லி சாப்புட்டுருக்கலாம். மத்தியானம்னா கீழ மாசி வீதி, அங்குட்டு சந்துக்குள்ள ஒரு மெஸ்ஸு இருக்கு, கடைப் பசங்க சாப்புட வருவாக, ஒரு மணிக்கு மேல போங்க. வெள்ளையப்பம் வேணும்னா சாயங்காலம் மேலச் சித்திரை வீதி. கறி தோசைன்னா பொழுது சாஞ்சாத்தான்."

பதிலைக் கவனித்தீர்களா? ஒரு கடைப் பெயரும் இல்லை. கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார். நாங்கள் கேட்டதெல்லாம் எங்கே, எங்கே என்று. மதுரைக்காரர்கள் மனதில் சாப்பாடு வேளை வாரியாக அடுக்கப்பட்டிருக்கிறது, இடம் அதற்கு அடுத்துதான். வெள்ளி ராத்திரி நாங்கள் தேடிப்போன மெஸ்ஸும் உண்மையில் நல்ல மெஸ்தான், ஆனால் அது மத்தியானத்துக் கடை. ஒன்பதரை மணிக்குப் போனால் ஆட்டோக்காரருக்கு நம்மைத் திருப்பிவிட ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

நோட்டு

ஊர் அமைப்பைக் கொஞ்சம் சொன்னால்தான் அடுத்தது விளங்கும். கோயிலை நடுவில் வைத்துச் சதுரம் சதுரமாக வீதிகள். கோயிலுக்குள்ளேயே ஆடி வீதி, மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அப்புறம் தேர் ஓடும் மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. கோட்டை இருந்த காலத்தில் ஊர் அதற்குள்ளேயே முடிந்தது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார், அந்த வேலையில் கூட நின்றவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் இருக்கின்றன, பிளாக்பர்ன் நினைவாக வைத்ததுதான் விளக்குத்தூண்.

சித்திரை வீதியில் நடப்பவர்களில் பெரும்பாலோர் சாமி கும்பிட வந்தவர்கள். தெற்காவணி மூல வீதிக்குப் போனால் நகைக்கடைகள், அங்கே நகை வாங்க வந்தவர்களோடு கடை ஊழியர்களும் கலந்துவிடுகிறார்கள். கீழ மாசி வீதிக்குப் போனால் மொத்த வியாபார மளிகை, மூட்டைகள், தள்ளுவண்டி, லோடுமேன்கள். அங்கே சுற்றுலாக்காரன் வேலையற்ற ஆள். இப்படி ஒவ்வொரு சதுரமாக வெளியே வரவர, ஒரு தடவை மட்டும் வருகிறவர்கள் குறைந்து தினமும் வருகிறவர்கள் கூடுகிறார்கள். ஆனால் இதை அப்படியே சூத்திரமாக எடுத்துக்கொண்டால் மேல வெளி வீதியில் மாட்டிக்கொள்வீர்கள், அங்கே ரயில்வே ஜங்ஷனும் பக்கத்திலேயே பெரியார் பஸ் ஸ்டாண்டும் இருக்கின்றன, மறுபடியும் வழிப்போக்கர் கூட்டம்.

ஒன்றேகாலுக்கு அக்கா சொன்ன அந்தச் சந்து மெஸ்ஸைக் கண்டுபிடித்தோம். வாசலில் போர்டு இருந்தது, வெயிலில் வெளுத்து எழுத்து தெரியவில்லை. உள்ளே நாலு நீள மேஜை. உட்கார இடமில்லை, சாப்பிடுகிறவர் பின்னால் நின்று காத்திருக்க வேண்டும், அம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள். நின்ற நேரத்தில் கல்லாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாதிப் பேர் காசு கொடுக்கவே இல்லை. கை கழுவிவிட்டு வந்து கல்லாவில் நூலால் கட்டித் தொங்கும் பேனாவை எடுத்து, நீள நோட்டில் தங்கள் பக்கத்தைத் தேடி ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்கள். மாதக் கணக்கு. ஒருவர் கோடு போட்டுவிட்டு, "நேத்து ரசத்துல உப்பு தூக்கல்ணே" என்றார். கல்லாக்காரர் திரும்பி உள்ளே பார்த்து, "கேட்டியாப்பா?" என்று ஒரு சத்தம் கொடுத்தார். உள்ளேயிருந்து ஏதோ முணுமுணுப்பு வந்தது.

எனக்கு அந்த இடத்திலேயே விஷயம் விளங்கிவிட்டது. மாதம் 26 நாள் வந்து சாப்பிடுகிறவன், மாதக் கடைசியில் காசு கொடுக்கப்போகிறவன், நேற்றைய ரசத்துக்கு இன்றைக்கு வந்து கணக்குக் கேட்கிறான். வெள்ளிக்கிழமை நாங்கள் சாப்பிட்ட ஹோட்டலில் நேற்றைய ரசத்தைப் பற்றிச் சொல்ல நேற்றைய ஆள் யாருமே இல்லை.

சாப்பாடு ஆடம்பரம் இல்லை. கத்திரிக்காய்க் கூட்டு, வாழைக்காய் வறுவல், சாம்பார், ஒரு புளிக்குழம்பு, ரசம், மோர். குழம்பும் சாம்பாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், வேறு வேறு. அப்பளத்தைக் கேட்கும்போது பொரித்துக் கொண்டுவந்தார்கள், இலையில் வைக்கும்போது எண்ணெய் இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. என் மகள் அதை மட்டும் நாலு சாப்பிட்டாள். ஐந்து பேருக்கு 450 ரூபாய். மச்சினன் கறி இல்லாமல் சாப்பிட்ட அந்த வேளையை வாழ்க்கையில் முதல்முறையாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டான்.

சாயங்காலமும் ராத்திரியும்

நாலரை மணிக்கு மேலச் சித்திரை வீதி கோபு ஐயங்கார் கடை. என் சதுரக் கணக்குப்படி பார்த்தால் கோயில் வாசலை ஒட்டிய கடை மோசமாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. வெள்ளையப்பம் என்றால் கோவைப் பக்கம் பலருக்குத் தெரியாது, அரிசியும் உளுந்தும் அரைத்த மாவை எண்ணெயில் ஊற்றி எடுப்பது, ஓரம் மொறுமொறு, நடுவில் பஞ்சு. கூடக் காரச் சட்னி. அதைச் சுட்டு எடுத்த இரண்டு நிமிடத்துக்குள் சாப்பிட்டால்தான் அந்த மொறுமொறுப்பு இருக்கும், ஆகவே ஆக்கிக் குவித்து வைக்கிற வித்தை இந்தப் பண்டத்திடம் எடுபடாது. கூட்டத்தில் பாதி உள்ளூர்க்காரர்கள், பூஜைக் கூடையோடு வந்த மாமிகள், பள்ளிக்கூடப் பையோடு பிள்ளைகள். கோயிலுக்குப் பக்கம் என்பது ஒரு அறிகுறிதான், அதையே தீர்ப்பாக வைத்துக்கொண்டால் இப்படி ஒரு கடையை இழந்திருப்போம்.

அதோடு அம்மாவுக்கும் மகளுக்கும் வயிறு நிறைந்துவிட்டது, ராத்திரிக்குப் பாலும் பழமும் போதும் என்று அறைக்குப் போய்விட்டார்கள். ஐந்து பேரும் ஒரே மேஜையில் என்ற பிடிவாதம் அங்கேதான் கழன்றது, நாங்களாக விடவில்லை, தானாகக் கழன்றது. நான், மனைவி, மச்சினன் மூவரும் ஏழரைக்குச் சிம்மக்கல் பக்கம் போனோம். கோனார் கடைக் கறி தோசை ஊரறிந்தது, நான் புதிதாகக் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லை. ஆனால் கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். தடிமனாக ஒரு தோசை, அது பாதி வேகும்போது மேலே முட்டை, முட்டை இறுகுமுன் வேகவைத்த கொத்துக்கறியை ஒரு கரண்டி அள்ளிப் பரப்பி, எண்ணெயை ஓரத்தில் விட்டு, தோசைக்கரண்டியால் ஒரு அமுக்கு, அப்புறம் ஒரே திருப்பு. கறி கல்லில் பட்டு ஓரம் கருகுகிற அந்த வாசனை தெருவுக்கு வரும். மச்சினன் முதல் வாய்க்குப் பிறகு பேசவில்லை. இரண்டாவது தோசை சொல்லும்போது மட்டும் வாயைத் திறந்தான்.

திரும்பும் வழியில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா. பால், பாதாம் பிசின், நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். மதுரையில் எந்தத் தெருவில் திரும்பினாலும் 'ஒரிஜினல்' என்றும் 'ஃபேமஸ்' என்றும் ஜிகர்தண்டா போர்டு கண்ணில் படும், விளக்குத்தூண் கடைதான் மூத்தது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், நாங்களும் நம்பிக் குடித்தோம், நன்றாகவே இருந்தது. குளிரில் எதற்கு ஜில்லென்று என்று மனைவி முறைத்தாள், அது வேறு கதை.

மேப்பில் தெரிந்ததும் தெரியாததும்

ராத்திரி அறையில் படுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை ஹோட்டலை போனில் தேடிப் பார்த்தேன். நாலு நட்சத்திரத்துக்கு மேல். வயிற்றெரிச்சலோடு ஒவ்வொன்றாகப் படித்தேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் பாராட்டியது எதை என்று பார்த்தால், கோயிலுக்குப் பக்கம், ஏசி நன்றாக வேலை செய்கிறது, பாத்ரூம் சுத்தம், குடும்பத்தோடு போகலாம். அவர்கள் பொய் சொல்லவில்லை. களைத்துப் போய் வந்தவர்களுக்கு அதெல்லாம் கிடைத்தது, நட்சத்திரம் போட்டார்கள். சாம்பாரைப் பற்றி, கூட்டைப் பற்றி எழுதியவர்களைத் தேடினால் ஆளே இல்லை. வடை நன்றாக இருந்தது என்றாவது ஒருவர் எழுத வேண்டாமா? அன்றிலிருந்து நான் மொத்த நட்சத்திரத்தைப் பார்ப்பதில்லை. விமர்சனங்களுக்குள் பண்டத்தின் பெயரைப் போட்டுத் தேடுகிறேன், புதியது முதலில் என்று அடுக்கி வைத்துப் பார்க்கிறேன், மூன்று நட்சத்திரக்காரர்களை முதலில் படிக்கிறேன். மூன்று கொடுக்கிறவர்தான் எது நன்றாக இருந்தது, எது இல்லை என்று பிரித்து எழுதுகிறார்.

இன்னொன்று, எந்தக் கிழமை எந்த மணிக்குக் கூட்டம் என்று காட்டுகிற அந்தப் பட்டை வரைபடம். அதை நாங்கள் கூட்டத்தைத் தவிர்ப்பதற்காக மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். பூக்கார அக்கா சொன்னதற்கு அப்புறம் அதை வேறு மாதிரி படிக்க வந்தது. ஒரு கடையில் எப்போது பட்டை உயர்கிறதோ அப்போதுதான் அங்கே அடுப்பு வேகமாக எரிகிறது. பட்டை படுத்துக் கிடக்கிற நேரத்தில் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று போனால் சூடு பண்ணியதுதான் கிடைக்கும். உச்சிக்குச் சற்று முன்னால் போய் உட்கார்வதுதான் கணக்கு. சந்து மெஸ் மேப்பிலேயே இல்லை, அதற்கு எந்தப் பட்டையும் கிடையாது, அந்த விஷயம் மறுநாள் எங்களைக் கடித்தது.

ஞாயிறு

ஐந்தரைக்கு எழுந்தோம். மதுரையில் 'வெள்ளன' என்று யாராவது சொன்னால் அவர்கள் சொல்வது எட்டு மணியை அல்ல. வழியில் ஒரு வண்டியில் பருத்திப்பால், பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்த பாலில் கருப்பட்டியும் சுக்கும் தட்டிப் போட்டுக் காய்ச்சியது, மேலே தேங்காய்ப்பூ. குளிருக்குத் தொண்டையில் இறங்குவது தெரிந்தது. ஆறரைக்கு மேல மாசி வீதிப் பக்கம் ஓர் இட்லிக்கடையில் முதல் ஈடு இறங்கியது. தட்டைக் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீர் தெளித்து, துணியை ஓரத்திலிருந்து உரித்தார்கள். ஆவியில் அந்த அம்மாவின் முகமே தெரியவில்லை. சட்னி நாலு வகை, மகளுக்குத் தேங்காய்ச் சட்னி மட்டும். முந்தின நாள் லாட்ஜில் இலவசம் என்பதற்காக எட்டரை மணிக்கு அந்தப் பொங்கலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

மதியம் இரண்டாகப் பிரிந்தோம். மச்சினன், மனைவி, மகள் மூவரும் வைகைக்கு வடக்கே தல்லாகுளம் பக்கம். குமார் மெஸ், சந்திரன் மெஸ், அழகர்கோயில் சாலையில் அம்மா மெஸ் என்று அசைவத்துக்குப் பெயர்போன வட்டாரம், ஞாயிறு மதியம் உள்ளூர்க் குடும்பங்கள் திரண்டு வரும் நேரம். பன்னிரண்டடிக்குமுன் போய் உட்கார்ந்தார்கள். அயிரை மீன் குழம்பு கேட்பதற்கு முன் இன்றைக்கு என்ன விலை என்று கேட்டுக்கொண்டான் மச்சினன், வெள்ளிக்கிழமைப் பாடம். சுண்டுவிரல் நீள மீன், தேங்காய்ப்பால் கலந்த தண்ணீரில் உயிரோடு விட்டு மண்ணைக் கக்க வைத்துத்தான் குழம்பில் போடுவார்கள், வரத்தைப் பொறுத்து விலை ஏறும் இறங்கும். அரை மணி கழித்து போன் வந்தது. "மாமா, நீங்க வராமப் போயிட்டீங்களே." பின்னால் மகள் குரல், தோசை வேண்டுமாம், அவளுக்குத் தோசையும் கிடைத்ததாம்.

நானும் அம்மாவும் கீழ மாசி வீதிக்குப் போனோம். அம்மாவுக்கு அந்தப் புளிக்குழம்பு இன்னொரு தடவை வேண்டும். வீதிக்குள் திரும்பியதுமே ஏதோ சரியில்லை என்று பட்டது. மூட்டை இல்லை, வண்டி இல்லை, வரிசையாக ஷட்டர். சந்துக்குள் போனால் மெஸ்ஸும் பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடைகள் லீவு, கோடு போடுகிற ஆட்கள் யாரும் வரமாட்டார்கள், அப்புறம் அடுப்பை எதற்கு மூட்டுவது? அந்த மெஸ் எதனால் நன்றாக இருந்ததோ அதனாலேயே அன்றைக்கு மூடியிருந்தது. முந்தின நாள் கல்லாவில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நோட்டைப் பார்த்து 26 நாள் என்று கணக்குப் போட்ட எனக்கு, மீதி நாலு நாள் என்ன என்று தோன்றவில்லை.

அம்மா, "அந்தப் புள்ளைகிட்டயே கேட்டுப் பாக்கலாம்" என்று மெதுவாக நடந்தார். பூக்கார அக்கா அதே முனையில்தான் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "ஞாயித்துக்கெழம அவுக கட கெடையாதும்மா. நீங்க இன்னைக்கும் இருப்பீகன்னு எனக்குத் தெரியாதுல்ல." சரி, நீ இன்றைக்கு எங்கே சாப்பிடுகிறாய் என்று அம்மா மறுபடி கேட்டார். அக்கா கூடைக்குப் பின்னால் கை விட்டு ஒரு தூக்குவாளியை எடுத்துக் காட்டினார். "ஞாயித்துக்கெழமன்னா வீட்டுலருந்து கொண்டாந்துருவேன்மா."

அம்மா இன்னும் இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டார். மணி ஒன்றரை ஆகிவிட்டது. காரை எடுத்துக்கொண்டு மற்றவர்களைக் கூட்டிவரப் போகும் வழியில், முதலில் கண்ணில் பட்ட சைவ ஹோட்டலில் அவருக்கு ஒரு தயிர்சாதம் வாங்கினேன். சில்லென்று இருக்கிறதா என்று பொட்டலத்தின் மேலே கை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.